பெயர் எழுதாத தாள்

டீச்சர்,

நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்திருந்தார். வேன்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஆசிரியர் அறையில் நான் மட்டும் உட்கார்ந்து அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் மேசைமேல் வைத்தார்.

"பீரோவை ஒழிச்சேங்க. இதுமேல உங்க பேரு எழுதி ஒட்டியிருந்துச்சு. அதான் எடுத்தாந்தேன்" என்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் போன பிறகு ஆள் பாதியாகிவிட்டார்.

டப்பாவை உடனே திறக்கவில்லை. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து எனக்கு எதற்கு ஒரு டப்பா? உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு மட்டும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் புத்தி போயிற்று. ஆட்டிப் பார்த்தேன், கடகட என்றது. மூடியை நெம்பித் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஊதா மையும் ரப்பரும் கலந்த வாசனை. மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மைக்காகவா உங்களுக்காகவா என்று தெரியவில்லை.

ஆறு ரப்பர் ஸ்டாம்புகள். ஒரு காய்ந்துபோன மை பேட். அடியில் மடித்த காகிதம் ஒன்று. அந்தக் காகிதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது.

ஸ்டாம்பு வந்த கதை உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கணக்கு நேராகும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். கோட்டு, காலர் மைக், திரையில் கலர் கலராக ஒரு ஏணி. டாக்ஸானமி என்றார். கற்றலில் ஆறு படிகள்: அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். நம் பிள்ளைகள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கையைப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும் என்றார். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. இந்த ஆள் ஒரு நாளாவது அறுபது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியிருப்பாரா? உங்கள் காதில் சொன்னேன். "இருக்கட்டும் டீச்சர், ஏணி நல்லாத்தானே இருக்கு" என்றீர்கள். நீங்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு ஏ பிரிவுக்கு நீங்கள் அறிவியல், பி பிரிவுக்கு நான். போட்டி என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் போட்டிதான்.

அடுத்த வாரமே முதல்வர் உத்தரவு போட்டார். இனி ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அது எந்தப் படி என்று முத்திரை குத்த வேண்டும். ஒரு தாளில் ஒவ்வொரு முத்திரையும் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டார். ஸ்டாம்பு செய்ய நம் இரண்டு பேரைத்தான் அனுப்பினார்கள். புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி, சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மளிகை மூட்டைகளுக்கு நடுவே முட்டி மோதிப் போனோம். கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு, "ஏனுங்க, படைத்தல்னா கோயிலுக்குங்களா?" என்று கேட்டார். நீங்கள் நடுச்சந்தில் நின்று சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நாள் நாம் இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகளாக இருந்தோம்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பழைய வினாத்தாளை எடுத்தேன். "நெம்புகோலின் வகைகளை எழுதுக" என்பதை அடித்துவிட்டு "பகுத்தாய்க" என்று மாற்றினேன். பக்கத்தில் ஒரு குத்து. "உனது கருத்தை எழுதுக" என்று ஒரு கேள்வி சேர்த்தேன். அதற்குப் படைத்தல் ஒரு குத்து. மார்க் போய்விடக் கூடாதே என்று அந்தக் கருத்தையும் நானே போர்டில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதி, அடிக்கோடிட்டு, வீட்டில் ஒப்பித்துவிட்டு வந்தார்கள். நான் மட்டுமில்லை, ஸ்கூலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

பயிற்சியாளர் மறுபடி பார்வையிட வந்த அன்றைக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். என் வகுப்பில் முதல் பெஞ்சுப் பையனை எழுப்பி, "பிளாஸ்டிக்கைப் பத்தி நீ என்னப்பா நினைக்கிறே?" என்று கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "எனது கருத்துப்படி" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், மிச்சத்தை மொத்த வகுப்பும் ஒரே குரலில் ஒப்பித்து முடித்தது. பயிற்சியாளர் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் வராந்தாவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். அதை நான் பார்த்துவிட்டேன். அன்று உள்ளே ஒன்று கறுவிக்கொண்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் வழக்கம் வேறாக இருந்தது. கேள்விமேல் முத்திரை குத்துவது முதல்வருக்காக. அதற்குப் பிறகு விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போய், பிள்ளைகள் எழுதின பதில்மேல் குத்துவீர்கள். இந்த வரி அறிதல், இந்த வரி புரிதல், இங்கே பார், இவள் பகுத்தாய்ந்திருக்கிறாள் என்று ஊதா ஊதாவாக. முதல்முறை அதைப் பார்த்தபோது உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன்.

"கேள்வில குத்தி என்னா ஆகப்போவுது டீச்சர்? பதில்ல குத்துனாதானே புள்ள எது வரைக்கும் வந்துருக்குன்னு தெரியும்" என்றீர்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு உங்களுக்கு. 'டீச்சர்' என்று நீட்டும்போது கேலியா மரியாதையா என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

அதை நான் நம்பவில்லை. உதவி முதல்வர் பதவி காலியாகப் போகிறது, அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

பிறகு அந்த அரையாண்டு வந்தது. பொது வினாத்தாள் தயாரிக்கும் முறை உங்களுடையது. முப்பத்தெட்டாவது கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம்: "கோடையில் கோழிப்பண்ணைக் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். எந்த நாளில் இது பயன் தரும், எந்த நாளில் வீண்? காரணம் கூறு." வழக்கப்படி தாள்களை மாற்றித் திருத்தினோம். என் பிள்ளைகளின் தாள் உங்களிடம், உங்கள் பிள்ளைகளின் தாள் என்னிடம்.

என் பிரிவில் அந்தக் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் வருத்தத்தோடு சொன்னீர்கள். இரண்டு பேர் மட்டும் ஆவியாதல் என்றால் என்ன என்று புத்தகத்திலிருந்து எழுதியிருந்தார்களாம். உங்கள் பிரிவிலோ எல்லோரும் எழுதியிருந்தார்கள். அதுவும் ஆளுக்கொரு மாதிரி. நம் ஸ்கூலில் அறுபது பேரும் ஒரே பதிலை எழுத்துப் பிசகாமல் எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்போம். அறுபது பேர் அறுபது விதமாக எழுதியிருந்தார்கள், எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன பிழைப்பு பாருங்கள்.

அதிலும் கோகிலாவின் பதில். எப்போதும் பாஸுக்கு இரண்டு மார்க் மேலே நிற்கிற பிள்ளை. அவள் எழுதியிருந்தாள்: வெயில் சுள்ளென்று அடித்து, காற்றும் ஓடினால் தெளித்த தண்ணீர் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். மேகம் மூடி, காற்றில்லாமல் புழுங்கினால் தண்ணீர் ஆவியாகாது. காற்றில் ஈரம்தான் ஏறும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் தன் சூட்டைத் தணிக்கிறது, ஈரக்காற்றில் அதுவும் முடியாது. ஆகவே அந்த நாளில் தெளிப்பது வீண் மட்டுமில்லை, கெடுதல்.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் திருத்த வைத்திருந்த விடைக்குறிப்பிலும் இரண்டே வரிதான். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? யாரோ கால்நடை டாக்டர் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் கேள்வி முன்கூட்டியே வெளியே போயிருக்க வேண்டும். கேள்வி எழுதினது நீங்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உங்களிடமே கேட்டிருக்கலாம். இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கோகிலாவைக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, இது எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோகிலாவின் பதிலுக்குச் சுழி போட்டேன். வீட்டுக்குப் போய் இடது கையால் மொட்டைக் கடுதாசி எழுதினேன். மறுநாள் காலை முதல்வர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிரேயருக்குப் போய் வரிசையில் நின்றேன்.

முதல்வர் உங்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தார். வெளியே வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனீர்கள். இரண்டு பிரிவுக்கும் மறுதேர்வு வைத்தார்கள். இந்த முறை தாள் எழுதினது நான். நெம்புகோல், ஆவியாதல் வரையறை, படம் வரைந்து பாகம் குறி. பொங்கல் கழிந்ததும் உங்களைப் பத்தாவதிலிருந்து எடுத்து ஆறாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் நம் பிள்ளைகளை விட்டுப் போகிறோமே என்பதுதான் உங்களை உலுக்கியது. "அறுபது பேரும் இப்பத்தான் டீச்சர் வாயத் தொறந்தாங்க" என்று என்னிடமே சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

ஏ பிரிவும் என் கைக்கு வந்தது.

உண்மை தெரிய எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறாவதில் என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க, குடிநீர்க் குழாய்க்குப் போகிற சாக்கில் உங்கள் ஜன்னலோரம் நின்றேன். ஒரு பொடிசு எழுந்து, தன் அப்பா ரிக் லாரியில் போர் போடப் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை அடி போட்டார்கள் என்று கேட்டீர்கள், சொன்னது. ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்றீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இருந்ததாம். "அங்க இருந்தா இங்கயும் இருக்கும்னு எப்பிடித் தெரியும்?" என்றீர்கள். வேறொன்று கை தூக்கியது. இன்னொன்று அதை மறுத்தது. "நீயா இருந்தா எங்க போடுவே?" என்று கேட்டீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு படி மேலே ஏற்றினீர்கள். அதட்டல் இல்லை, போர்டில் எழுதவும் இல்லை. தினமும் முதல் பத்து நிமிஷம் இதுதானாம். பத்தாவதிலும் இதைத்தான் செய்திருக்கிறீர்கள். கேள்வி எதுவும் கசியவில்லை. அவரவர் வீட்டில் இருப்பதைப் பற்றி யோசிக்கப் பழகின பிள்ளைகள், எந்தக் கேள்வி வந்தாலும் எழுதியிருப்பார்கள்.

ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், வேவு பாக்கறீங்களா? உள்ள வந்து உக்காருங்க" என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தன. தண்ணீர் பாட்டிலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அன்றைக்கே முதல்வரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் பயம். பிறகு வெட்கம். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று ஒரு சாக்கு.

கோகிலா என்னிடம் படித்த அந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் கேள்வி கேட்டாள். திருப்புதல் தேர்வில் நான் கண்காணிப்பு. கையைத் தூக்கி, மெதுவாகக் கேட்டாள்: "இது புக்குல இருக்கற பதில்தானுங்க டீச்சர். எழுதலாமுங்களா?" பயந்த குரல். எழுது சாமி என்று சொன்னேன். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், முகத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று. அவளுக்குப் பதினொன்றாவதில் உயிரியல் குரூப் கிடைக்கவில்லை. என் கடுதாசியால்தான் என்று சொன்னால் அது மிகை. அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

நீங்கள் நோயில் படுத்த பிறகு சேலம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது முறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு வர்ற சந்தேகத்துல பாதி நம்ம புள்ளைங்களுக்கு வந்தாப் போதும் டீச்சர், ஸ்கூல் உருப்பட்டுடும்" என்றீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். இவளுக்கு ஏதாவது தெரியுமோ என்று வீடு வரைக்கும் குடைந்துகொண்டிருந்தது.

இனி அந்தக் காகிதம்.

பிரித்ததும் என் இடது கை எழுத்து. நாலு வருஷத்துக்கு முன்னால் கதவுக்கு அடியில் தள்ளின அதே கடுதாசி. விசாரித்த அன்று முதல்வர் காட்டியிருப்பார், நீங்கள் கேட்டு வாங்கியிருப்பீர்கள். ஏ பிரிவுத் தாளைத் திருத்தினது நான் ஒருத்திதான். அதில் என்ன இருந்தது என்று வேறு யாருக்குத் தெரியும்? இது எனக்கு நேற்றுதான் உறைத்தது. இடது கையால் எழுதி மறைத்தேனாம்! முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் "உள்ள வந்து உக்காருங்க" என்றிருக்கிறீர்கள்.

அதையும் நீங்கள் திருத்தி வைத்திருக்கிறீர்கள். "முப்பத்தெட்டாம் வினாவுக்கு ஏ பிரிவில் எல்லோரும் விடை எழுதியிருக்கிறார்கள்." பக்கத்தில் ஊதா முத்திரை: அறிதல். "பி பிரிவில் ஒருவரும் சரியாக எழுதவில்லை." மறுபடி அறிதல். "ஆகவே அந்த டீச்சர் வினாவை முன்பே சொல்லிவிட்டார்." அதற்கு மதிப்பிடுதல். இரண்டாவது வரிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சிவப்புப் பேனாவில், விட்டுப்போனதைக் காட்டுகிற கூம்புக்குறி ஒன்று போட்டு, பகுத்தாய்தல் முத்திரையைக் குத்தி, பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு வார்த்தை: "காணோம்." கீழே, பிள்ளைகள் தாளில் எழுதுகிற மாதிரியே, "இடது கை முயற்சிக்குப் பாராட்டு. பெயர் எழுதவில்லை."

சுழி போடவில்லை. மார்க் போடுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். கோகிலா அங்கே ஒரு மொத்த மளிகைக் கடையில் பில் போடுகிறாள் என்று அவளோடு படித்த பிள்ளை சொல்லியிருந்தது. கடை வாசலில் நிறுத்திக் கேட்டேன். அந்த அரையாண்டுப் பதில் எப்படித் தெரிந்தது என்று. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப எதுக்குங்க டீச்சர் கேக்கறீங்க?"

"அன்னைக்குக் கேட்டிருக்கணும் கண்ணு. கேக்காமச் சுழி போட்டேன். மொட்டைக் கடுதாசி எழுதினதும் நான்தான்."

கையிலிருந்த பில் புத்தகத்தை மூடினாள். சுமை ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பிறகு சொன்னாள். "எங்கப்பா கோழிப்பண்ணைல வேலைங்க. வானம் மப்புப் போட்டாப் போதும், ஓடிப்போயி தண்ணி தெளிக்கற மோட்டாரை நிறுத்திப்போடுவாருங்க. ஏன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியாதுங்க. அந்த டீச்சர்தான், நீயே யோசிச்சு அப்பாவுக்குச் சொல்லுன்னாங்க. ஒரு மாசம் யோசிச்சனுங்க." கடைக்குள் திரும்பிப் போகும்போது நின்று, "கடுதாசி நீங்க எழுதினதுன்னு அந்த டீச்சருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரையாண்டு வினாத்தாளைக் கிழித்துப்போட்டேன், புதிதாக எழுத வேண்டும். சந்தேகம் என்னை விட்டுப் போகாது டீச்சர், அது பிறவிக்குணம். பயிற்சியாளர்களை இப்போதும் நம்புவதில்லை. இந்த ஏணியைச் சுவரில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், அதையும் நம்புவதில்லை. ஆனால் எதையாவது முடிவு கட்டப் போகும்போது, நடுவில் நீங்கள் போட்ட அந்தக் கூம்பு கண்முன் வந்து நிற்கிறது. நாளைக் காலையில் இந்த மடலின் பிரதி ஒன்றை முதல்வர் மேசையில் வைக்கப் போகிறேன். கதவுக்கு அடியில் இல்லை, நேராகக் கையில்.

மை பேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன், இன்னும் பிடிக்கிறது. எந்த வரிக்கு எந்த முத்திரை என்று நான் குத்தவில்லை, அது உங்கள் வேலை. விட்டுப்போன ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். வலது கையால்.

பெயர்: ச. மல்லிகா
வகுப்பு: பத்து, பி பிரிவு, அறிவியல்